லைட்ரூமுக்கு ஒன்று, போட்டோஷாப்புக்கு வேறொன்று

போட்டோஷாப் 1990-இல் வந்தது, லைட்ரூம் 2007-இல். இரண்டும் அடோபி நிறுவனத்துடையவை. ஒரே சந்தாவில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. ரா கோப்பைப் படித்து வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சரிசெய்யும் உள்வேலை இரண்டிலும் ஒன்றுதான். அதனாலோ என்னவோ, ஒன்று வேகமாக ஓடும் கணினியில் மற்றதும் வேகமாக ஓடும் என்று நம்முடைய கல்யாண போட்டோகிராபர்கள் பலரும் நம்புகிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் ‘போட்டோ எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் போடணும்’ என்றால், எந்த மென்பொருள், என்ன வேலை என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர் அபூர்வம். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் கேமிங் மெஷின் ஒன்றை மேசைமேல் வைத்துவிடுவார். (கலர் கரெக்‌ஷன் செய்கிற அறையில் அந்த விளக்கின் நிறம் மானிட்டர் மீது விழுந்தால் மணப்பெண்ணின் முகநிறத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.)

இங்கே லைட்ரூம் என்று நான் சொல்வது, கோப்புகளை நம் டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிற லைட்ரூம் கிளாசிக்கை. ஸ்டூடியோக்களில் புழங்குவது அதுதான்.

முகூர்த்தமும் முந்தைய நாள் ரிசப்ஷனும் சேர்ந்து நாலாயிரம் படம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலாயிரமும் முதலில் போய் இறங்குவது லைட்ரூமில். கண்மூடியவை, ஆட்டம் கண்டவை எல்லாம் கழிந்து, மிஞ்சியவற்றுக்கு வெளிச்சம், நிறம், கொஞ்சம் கிராப். ஒரு படத்துக்குச் சில விநாடி வேலைதான், ஆனால் ஆயிரக்கணக்கான படங்கள். போட்டோஷாப்புக்கு வருவது அதில் வடிகட்டிய சிலநூறு, அதுவும் ஆல்பம் ஷீட்டாக. ஒரு ஷீட்டில் எட்டோ பத்தோ படம், பின்னணி, பார்டர், நிழல், எழுத்து என்று ஒரே கோப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து செய்கிற வேலை. முன்னதில் படங்களின் எண்ணிக்கை கனம், பின்னதில் ஒரே கோப்பின் பருமன் கனம். வன்பொருளில் வரும் வித்தியாசம் அத்தனையும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பார்க்கலாம். லைட்ரூம் உங்கள் படத்தைத் தொடுவதே இல்லை. ‘இந்தப் படத்துக்கு வெளிச்சம் இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு தூக்கு’ என்கிற குறிப்பை மட்டும் கேட்டலாக் எனப்படும் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. படம் திரையில் தெரிய வேண்டும் என்றால் ரா கோப்பை எடுத்து, அந்தக் குறிப்புகளை வரிசையாகப் பயன்படுத்தி, பிக்சல்களைப் புதிதாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஸ்லைடரை ஓர் இழுப்பு இழுத்தால் மறுபடியும் கணக்கு. பிரஷ், மாஸ்க் என்று சேரச் சேரக் கணக்கு நீள்கிறது. போட்டோஷாப் இதற்கு நேர்மாறு. அது ஒவ்வொரு லேயரின் பிக்சல்களையும் விரித்து ரேமில் வைத்துக்கொண்டு உட்காருகிறது. லைட்ரூமுக்குக் கணக்குத் திறன் வேண்டும். போட்டோஷாப்புக்கு முதலில் இடம் வேண்டும்.

எவ்வளவு இடம்? நம் ஊர் ஆல்பத்தில் சாதாரணமாகப் போகிற 12×36 அங்குல ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் அகலம் 10,800, உயரம் 3,600. ஆகமொத்தம் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட். அப்படியானால் ஷீட் முழுவதையும் மூடுகிற ஒரே ஒரு லேயருக்குச் சுமார் 117 எம்.பி. 16 பிட்டில் வைத்தால் அது அப்படியே இரட்டிப்பு. பின்னணி ஒன்று, அதன்மேல் டெக்ஸ்சர் ஒன்று, மங்கலாக்கிய ஜோடிப் படம் ஒன்று என்று மூன்று முழு லேயர் போட்டாலே 350 எம்.பி. இதன்மேல் பத்துப் படங்கள் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக உட்கார்ந்தால், ஒவ்வொன்றும் தன் முழு அளவுப் படத்தையும் தன்னோடு கொண்டுவருகிறது. 24 மெகாபிக்சல் படம் ஒன்று விரிந்தால் 72 எம்.பி. பிறகு ஹிஸ்டரி. செய்ததை மாற்றிப் பின்னோக்கிப் போக, 50 நிலைகள் வரை போட்டோஷாப் இயல்பாகவே நினைவில் வைத்திருக்கும். டிசைனர் ஒரு நேரத்தில் ஒரு ஷீட்டையா திறந்து வைத்திருக்கிறார்? நாலைந்து திறந்திருக்கும்.

போட்டோஷாப் தனக்குக் கிடைக்கக்கூடிய ரேமில் இயல்பாக 70 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளப் பார்க்கும். 8 ஜி.பி. கணினியில் விண்டோஸ் தன் பங்கை எடுத்து, கஸ்டமரோடு பேசுவதற்கு வாட்ஸ்அப் வெப்பும் நாலு குரோம் டேப்பும் தங்கள் பங்கை எடுத்தபிறகு மிச்சம் என்ன? இடம் போதாதபோது போட்டோஷாப் டிஸ்க்கில் ஸ்கிராட்ச் என்கிற தற்காலிக இடத்துக்குப் பிக்சல்களைத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. அந்தத் தள்ளலும் எடுத்தலும்தான் நாம் ‘ஹேங் ஆகுது’ என்று சொல்கிற விஷயத்தில் பெரும்பகுதி. இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. கோப்பின் அடியில், ஜூம் விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய அம்புக்குறியை அழுத்தி ‘எபிஷியன்ஸி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 100 காட்டினால் எல்லாம் ரேமிலேயே நடக்கிறது. 100-க்குக் கீழே இறங்கினால் டிஸ்க்குக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடிக்கடி இறங்குகிற கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டைப் போட்டாலும் பலன் இல்லை, ரேம்தான் மருந்து. ஆல்பம் டிசைனருக்கு 16 ஜி.பி. சமாளிக்கிற அளவு, 32 நிம்மதியான அளவு என்பது என் அனுபவம். போடும்போது ஒரே 32-ஐப் போடுவதைவிட இரண்டு 16-ஆகப் போடுவது நல்லது. இரு வழியில் தரவு போய்வரும்.

லைட்ரூம் இந்த விஷயத்தில் சாது. வரிசையாக ஒவ்வொரு படமாகக் கையில் எடுத்து வேலை செய்வதால் 16 ஜி.பி. ரேமில் பெரும்பாலான நாள் ஓட்டிவிடும். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்தால், அல்லது போட்டோஷாப்பையும் பக்கத்தில் திறந்து வைத்தால்தான் திணறல்.

பிராசஸரில் நிலைமை தலைகீழ். நாலாயிரம் படத்துக்கு முழு அளவுப் பிரிவியூ கட்டச் சொன்னால் லைட்ரூம் இருக்கிற எல்லா கோரையும் வேலைக்குக் கூப்பிடும். எக்ஸ்போர்ட்டிலும் அப்படியே. ஆறு கோரிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் பிரிவியூ கட்டும் நேரம் சரிபாதி ஆகாவிட்டாலும் நன்றாகவே குறையும். போட்டோஷாப்பில் பிரஷ் ஓட்டுவது, டிரான்ஸ்பார்ம், லேயர்களை மாற்றி அடுக்குவது, ஆக்‌ஷன் ஓட்டுவது போன்ற அன்றாட வேலைகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழுகிறது. சில பில்டர்கள் மட்டும் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

இதில் டாஸ்க் மேனேஜர் பலரை ஏமாற்றுகிறது. 16 திரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடினால், மொத்தக் கணக்கில் அது 6 விழுக்காடு சொச்சம்தான். ‘பிராசஸர் சும்மாதானே இருக்கு, அப்புறம் ஏன் ஸ்லோ?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த வரைபடத்தின் மேல் வலது பட்டனை அழுத்தி, ஒவ்வொரு திரெட்டும் தனித்தனிக் கட்டமாகத் தெரியும்படி மாற்றிவிட்டுப் போட்டோஷாப்பில் ஒரு கனமான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பதினைந்து கட்டம் ஓய்வெடுக்க, ஒன்று மட்டும் உச்சியில் நிற்பது பல நேரம் தெரியும். (விண்டோஸ் அந்த ஒரு வேலையைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றி விளையாடுவதும் உண்டு, அப்போது இரண்டு மூன்று கட்டங்கள் மாறிமாறி எழும்.) லைட்ரூமில் எக்ஸ்போர்ட் போட்டால் எல்லாக் கட்டமும் ஒன்றாக எழும்பும்.

செகண்ட்ஹேண்ட் சந்தையில் கிடைக்கிற பழைய ஜியான் ஒர்க்ஸ்டேஷன்களைப் பற்றி இதை வைத்தே முடிவு சொல்லலாம். ஆபீஸ்களும் சர்வர் அறைகளும் கழித்துக் கட்டியவை. கோர் எண்ணிக்கை ஏராளம், விலை மலிவு, ரேமும் தாராளமாகப் போடலாம். ஆனால் ஒவ்வொரு கோரும் மெதுவானது. லைட்ரூமில் பிரிவியூ கட்டுவதற்கு அது பழுதில்லை. அதே மெஷினில் ஆல்பம் டிசைனர் பெரிய பிரஷ்ஷை எடுத்தால் கர்சர் முன்னே போகும், கோடு பின்னே வரும். அவருக்கு ஆறே கோர் இருந்தாலும் போதும், புதிய தலைமுறையாக, கோர் ஒவ்வொன்றும் வேகமானதாக இருக்கட்டும்.

டிஸ்க் விஷயத்தில் கடைகளில் நடக்கிற பேச்சு எல்லாம் எண்கள்தான். பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 முதல் 200 எம்.பி., சாட்டா எஸ்.எஸ்.டி. 550, என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. 3,500, அதற்கடுத்த தலைமுறை 7,000. ஹார்ட் டிஸ்க்கை விட்டு எஸ்.எஸ்.டி.க்கு வருவது இரண்டு மென்பொருளுக்கும் பெரிய விடுதலை. 3,500-லிருந்து 7,000-க்குத் தாவுவதற்குக் கொடுக்கிற கூடுதல் பணம் போட்டோ வேலையில் கண்ணுக்குத் தெரியாது. அதை ரேமில் போடலாம்.

லைட்ரூமில் கேட்டலாக்கும் பிரிவியூ கோப்புகளும் வேகமான டிஸ்க்கில் இருந்தால் போதும். ரா கோப்புகள் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் தூங்கலாம், பெரிய நட்டம் இல்லை. போட்டோஷாப்பில் ஸ்கிராட்ச் இருக்கிற இடம் வேகமாக இருக்க வேண்டும், காலி இடமும் தாராளமாக வேண்டும். அங்கே பி.எஸ்.டி. சேமிக்க நேரமாகிறது என்று புலம்புகிறவர்கள் டிஸ்க்கைத் திட்டுவார்கள். பல சமயம் குற்றவாளி டிஸ்க் இல்லை. சேமிக்கும்போது போட்டோஷாப் கோப்பைச் சுருக்குகிறது. நேரம் அந்தச் சுருக்கத்தில்தான் போகிறது. பிரிபரன்சஸில், கோப்புகளைக் கையாளும் பகுதியில், அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிட ஒரு டிக் இருக்கிறது. நிறுத்தினால் கோப்பு பெருக்கும், சேமிப்பு சட்டென்று முடியும். செலவில்லாத வேகம்.

லைட்ரூம் பக்கத்தில் இதேபோல் கவனிக்காமல் விடுகிற ஒன்று கார்டு ரீடர். நாலாயிரம் ரா கோப்பு, ஒவ்வொன்றும் 28 எம்.பி. என்றால் 112 ஜி.பி. விநாடிக்கு 90 எம்.பி. வருகிற சாதாரண கார்டிலிருந்து இறக்க 21 நிமிடம். அதே ரீடரைத் தெரியாமல் பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகினால் விநாடிக்கு 35 எம்.பி. வந்தாலே பெரிது; 53 நிமிடம் ஆகும். வேகமான யு.எச்.எஸ். 2 வகைக் கார்டும் அதற்குரிய ரீடரும் விநாடிக்கு 250 கொடுத்தால் ஏழரை நிமிடம். லட்ச ரூபாய் கணினியின் முன்பக்கத் துளை எது, பின்பக்கத் துளை எது என்று பார்க்காமல் மணிக்கணக்கில் இழக்கிற ஸ்டூடியோக்கள் இருக்கின்றன.

இனி கிராபிக்ஸ் கார்டு. கடந்த சில வருடங்களில் கணக்கு மாறிப்போனது இங்கேதான். போட்டோஷாப் 2008-இல் வந்த சி.எஸ்.4 பதிப்பிலேயே கிராபிக்ஸ் கார்டைத் தொட ஆரம்பித்துவிட்டது. லைட்ரூம் 2015-இல்தான் அந்தப் பக்கம் திரும்பியது, அதுவும் டெவலப் திரையில் மட்டும். எக்ஸ்போர்ட்டுக்குக் கார்டின் துணை கிடைத்தது 2022 ஜூனில். அதுவரை ‘லைட்ரூமுக்கு கிராபிக்ஸ் கார்டு எதுக்கு?’ என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

2023 ஏப்ரலில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்தது. ரிசப்ஷன் மேடையின் பின்விளக்கிலும் மண்டபத்தின் மங்கலிலும் ஐ.எஸ்.ஓ. 6400-இல் எடுத்த படங்களின் மணல்மணலான இரைச்சலை, முடி, ஜரிகை நூல் போன்ற நுணுக்கம் கெடாமல் துடைக்கிற வேலை. இது நரம்பு வலைப்பின்னல் கணக்கு. பிராசஸரிடம் கொடுத்தால் திணறும். கிராபிக்ஸ் கார்டில்தான் அது ஓட வேண்டும், அதிலும் இதற்கென்றே தனிப் பகுதி உள்ள கார்டுகளில் பறக்கும். என்விடியா 2018-இல் விட்ட ஆர்.டி.எக்ஸ். 20 வரிசையிலிருந்து டென்சர் கோர் என்ற அந்தப் பகுதி வருகிறது. அடுத்த வருடம், 2019-இல், வந்த ஜி.டி.எக்ஸ். 1650, 1660 கார்டுகளில் அது இல்லை. பிறகு வந்தது என்பதால் புதியது, புதியது என்பதால் மேல் என்று நினைத்து வாங்கியவர்கள் டீநாய்ஸ் பட்டனை அழுத்தியபோதுதான் வித்தியாசம் உணர்ந்தார்கள்.

வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு. 300 படத்துக்கு டீநாய்ஸ் போட வேண்டும். ஒரு படத்துக்குப் பத்து விநாடி எடுக்கிற கணினியில் 50 நிமிடம். இரண்டு நிமிடம் எடுக்கிற கணினியில் பத்து மணி நேரம். வேறு எந்த உதிரிபாகத்தை மாற்றினாலும் போட்டோ வேலையில் இத்தனை பெரிய தாவல் கிடைக்காது. இதை வாங்கும் முன்பே சோதிக்கவும் முடியும். உங்கள் கேமராவின் ரா கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, இந்த மென்பொருள் உள்ள நண்பர்களின் கணினிகளில் டீநாய்ஸ் போட்டுப் பார்த்து, எடுக்கிற நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

போட்டோஷாப்பில் கார்டுக்கு வேலை இல்லாமல் இல்லை. லிக்விஃபை, கேமரா ரா பில்டர், ஸ்மார்ட் ஷார்ப்பன், சில வகை பிளர், கேன்வாஸை வழுக்கிக்கொண்டு ஜூம் செய்வது எல்லாம் அதை நம்புகின்றன. ஆனால் இவற்றுக்கு நடுத்தரக் கார்டு போதும், பெரிய கார்டுக்குப் போனால் ஆதாயம் சொற்பம். இன்றைக்குப் போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் பில் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மண்டபத்துப் பின்னணியில் நிற்கிற பிளாஸ்டிக் நாற்காலியை மறைப்பதும், போதாத இடத்தை நீட்டுவதும் அதன் கைங்கரியம். அந்த வேலை நம் கணினியில் நடப்பதே இல்லை, அடோபியின் சர்வரில் நடந்து இணையம் வழியாகத் திரும்பி வருகிறது. ‘ஏ.ஐ. வேலைக்கு இந்தக் கார்டுதான் சார் வேணும்’ என்று கடையில் சொல்வது லைட்ரூமின் டீநாய்ஸுக்கு முழு உண்மை, போட்டோஷாப்பின் இந்த வேலைக்குப் பொருந்தாத பேச்சு. இதற்கு வேண்டியது நல்ல பிராட்பேண்ட்.

கார்டோடு சேர்த்து மானிட்டரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சாதாரண முழு எச்.டி. திரையில் 20 லட்சத்துச் சொச்சம் பிக்சல். 4கே திரையில் 83 லட்சத்துக்குப் பக்கம். லைட்ரூம் ஸ்லைடரின் ஒவ்வொரு அசைவுக்கும் திரையை நிரப்பக் கணக்குப் போடுகிறது என்றேன். திரை மாறினால் அந்தக் கணக்கு நாலு மடங்கு. நேற்றுவரை நன்றாக ஓடிய லைட்ரூம், புது மானிட்டர் மாட்டிய அன்று சுணங்குவது இதனால்தான். 4கே மானிட்டர் வாங்குகிறவர் 8 ஜி.பி. நினைவகம் உள்ள கார்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

வெப்பத்திலும் இரண்டுக்கும் குணம் வேறு. போட்டோஷாப் விட்டுவிட்டு உழைக்கும்: ஒரு பில்டர், ஐந்து விநாடி, பிறகு டிசைனர் யோசிக்கிற நேரம் ஓய்வு. லைட்ரூமில் எண்ணூறு படம் எக்ஸ்போர்ட் போட்டால் முடியும்வரை மூச்சு விடாது. மெலிந்த லேப்டாப்புகள் முதல் சில நிமிடம் சொன்ன வேகத்தில் ஓடி, சூடேறியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மே மாதத்தில், ஏ.சி. இல்லாத அறையில், அந்தச் சில நிமிடம் இன்னும் சுருங்கும். மின்விசிறியே இல்லாத மேக்புக் ஏர், ஆல்பம் டிசைனருக்குக் கச்சிதமாகப் பொருந்துவதும், எக்ஸ்போர்ட்டை ஓட்டிக்கொண்டே இருக்கிறவருக்குச் சங்கடம் தருவதும் இதனால்தான். மேக் என்று எடுத்துவிட்டால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்1 முதல் வரும் ஆப்பிள் கணினிகளில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே நினைவகம். டீநாய்ஸுக்கு அது சௌகரியம். ஆனால் போட்டோஷாப் எடுப்பதும் அதே தொட்டியிலிருந்துதான். 2024 அக்டோபரிலிருந்து மேக்புக் ஏரும் 16 ஜி.பி.யில் தொடங்குகிறது, நல்லது. பிறகு கூட்ட முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர் வாங்கும் அன்றே 24-க்கோ 32-க்கோ போய்விட வேண்டும்.

பணத்தைப் பங்கு வைக்கச் சொன்னால் நான் ஸ்டூடியோவின் பழக்கத்தைத்தான் முதலில் கேட்பேன். பல ஊர்களில் ஆல்பம் டிசைனிங்கை வெளியே கொடுத்துவிடுகிறார்கள். ஷீட் கணக்கில் காசு, வேலை முடிந்து ஜேபெக்காகத் திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட ஸ்டூடியோவுக்குப் போட்டோஷாப் பெயரளவுக்குத்தான். அங்கே எட்டுக் கோராவது உள்ள பிராசஸர், 8 ஜி.பி. நினைவகம் உள்ள ஆர்.டி.எக்ஸ். கார்டு, 16 ஜி.பி. ரேம் போதும், மிச்சப் பணம் நல்ல கார்டு ரீடருக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் போகட்டும். அந்த ஷீட்டுகளைச் செய்துகொடுக்கிற டிசைனருக்கு, தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் பிராசஸரோடு வருகிற கிராபிக்ஸ் இருந்தால்கூடப் பெரும்பாலான வேலை நடந்துவிடும். அவர் பணம் வேகமான ஒற்றைக் கோருக்கும் 32 ஜி.பி. ரேமுக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் செய்கிறவருக்குத்தான் சிக்கல். அவருக்கு நான் சொல்கிற வரிசை முதலில் 32 ரேம், பிறகு ஆர்.டி.எக்ஸ். கார்டு, பிறகுதான் பெரிய பிராசஸர். கார்டு இல்லாதபோது டீநாய்ஸை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். ரேம் இல்லாத போட்டோஷாப் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நிற்கும்.

புதிதாக வாங்கப் பணம் இல்லாதவருக்கும் வழி உண்டு, அதுவும் இரண்டுக்கும் வேறு வேறு. லைட்ரூமில் ஸ்மார்ட் பிரிவியூ என்று ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். நீளப் பக்கம் சுமார் 2,500 பிக்சல் உள்ள சிறிய நகல் அது. எடிட்டிங்குக்கு ரா கோப்புக்குப் பதில் அதையே பயன்படுத்தச் சொல்லி பிரிபரன்சஸில் டிக் போட்டுவிட்டால் பழைய மெஷினிலும் ஸ்லைடர் இலகுவாக நகரும். எக்ஸ்போர்ட் மட்டும் முழுக் கோப்பிலிருந்து நடக்கும். போட்டோஷாப்பில் இப்படிக் குறுக்குவழி கிடையாது. அங்கே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் இன்னொரு ரேம் வாங்கிச் செருகிவிட்டு வேலையைத் தொடரலாம்.